புறங்கை

சுகுணா தன் மகளைப் புறங்கையால்தான் கொஞ்சுவாள். கன்னத்தைத் தடவுவதானாலும் சரி, நெற்றியில் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதானாலும் சரி, கையைத் திருப்பி, விரல்களை மடக்கி, புறங்கையை மட்டும் குழந்தையின் மேல் வைப்பாள். தெரியாதவர்களுக்கு அது ஏதோ பெரிய வீட்டுப் பழக்கம் போலத் தோன்றும். அவள் உள்ளங்கையைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிப்பவள் அவள். வலை இல்லை, படகு இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி போட்டு, பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவியபடி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இறால் விரலில் தட்டும். தட்டிய மறுநொடி அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். அதன் தலைக்கொம்பு குத்தும். சேற்றுக்குள் கிடக்கிற சிப்பி கிழிக்கும். நண்டு அகப்பட்டால் அது தன் பங்குக்கு ஒரு கடி கடிக்கும். உப்புத் தண்ணீரில் புண் எங்கே ஆறுகிறது? ஒன்று காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். இப்படியே சிறு வயதிலிருந்து கிழிந்து கிழிந்து ஒட்டிய கை அவளுடையது. ஆனால் கைராசிக்காரி. அவள் ஒருத்தி இறங்கினால் மூன்று பேர் பிடிக்கிற இறால் வரும் என்று லைட்ஹவுஸ் குப்பம் பாலத்துக்கு இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அவள் மாமியார் ஜெயம்மாவுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும்.

சுகுணா அம்மா இல்லாமல் வளர்ந்தவள். சுண்ணாம்புக்குளத்தில் அண்ணன் சிங்காரம்தான் சோறாக்கிப் போட்டு, தலை வாரிவிட்டு, தசரதனுக்குக் கட்டிக்கொடுத்தும் அனுப்பினான். ஆகவே தாய் என்றால் எப்படி இருப்பாள், அவளுக்கு என்னவெல்லாம் கிடைக்கும் என்பது மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் தாராளமாகச் சொன்னார்கள். வயிற்றில் சுமந்தவளின் வாசனை பிள்ளைக்குத் தெரியுமாம், கண்ணை மூடிக்கொண்டே வந்து ஒட்டிக்கொள்ளுமாம். முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் பட்ட வலியெல்லாம் பறந்துவிடுமாம். சுகாதார நிலையத்துச் சுவரிலும் ஒரு படம் ஒட்டியிருந்தது. வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி கொழுகொழுவென்று ஒரு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தலை கலையவில்லை. கண்ணில் தூக்கம் இல்லை. ரவிக்கையில் ஒரு சொட்டுப் பால்கறை கிடையாது. மாதாமாதம் ஊசி போட வரிசையில் நிற்கும்போதெல்லாம் சுகுணா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாமும் இப்படித்தான் உட்காரப் போகிறோம் என்று நம்பினாள், பைத்தியக்காரி.

நம்பும்படியாகத்தான் வீட்டிலும் நடந்துகொண்டார்கள். தசரதன் இரண்டாவது பிள்ளை. மூத்தவன் வரதன், ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். வரதனுக்கும் கீதாவுக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் இளையவள் உண்டாகிவிட்டால் மூத்தவள் முகம் தூக்கிக்கொள்வாள் என்றுதான் ஊரே எதிர்பார்த்தது. கீதாவோ நாள் தவறாமல் சுறாப்புட்டு செய்து கொண்டுவந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். "வாய்க்கு இன்னா வோணும்னு கேளு சுகுணா, அக்கா செஞ்சி தரேன்" என்பாள். ஜெயம்மா அதற்கும் ஒரு படி மேலே போனாள். "புள்ள பொறந்தப்புறம் ஒரு வருசத்துக்கு நீ தண்ணில கால் வெக்கக் கூடாது, சொல்டேன். மகாராணி மாரி குந்தி இருக்கணும்" என்றாள். இரவில் சுகுணா அதை நினைத்துச் சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள். அம்மா இல்லாதவளுக்கு இரண்டு அம்மா கிடைத்துவிட்டதாகத் தசரதனிடம் சொன்னாள். அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பெண் குழந்தை பிறந்தது. தர்ஷிகா என்று பெயர் வைத்தார்கள், கூப்பிடுவது பாப்பா.

முகத்தைப் பார்த்ததும் வலியெல்லாம் பறந்துவிடவில்லை. தையல் போட்ட இடம் உட்கார விடவில்லை. மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. குழந்தை எதற்கு அழுகிறது என்று அவளுக்குப் புரியவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வந்து ஒட்டிக்கொள்ளும் என்றார்களே, அது வாயை வைக்கத் தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கத்தியது. அதோடு சேர்ந்து அவளும் கத்தி அழுதாள். இப்படியெல்லாம் இருக்கும் என்று ஏன் ஒருத்தியும் சொல்லவில்லை என்று கோபம் கோபமாக வந்தது.

மகாராணி வாழ்க்கை அந்த மழைக்காலத்தோடு முடிந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தசரதனுக்கு இருந்த கான்ட்ராக்ட் வேலை நின்றுபோனது. முகத்துவாரம் திறந்து, ஏரியில் இறால் ஏறியிருந்த நேரம். கீதாவுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, அவள் பொன்னேரிப் பக்கத்துப் பெண், ஏரியில் இறங்கினால் உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அந்தத் தடிப்பை ஒருவரும் பார்த்ததில்லை. ஜெயம்மாவுக்கு முட்டி வலி. மிச்சம் இருந்தது சுகுணா. "ரெண்டு நாளைக்கு மட்டும் போய்ட்டு வாம்மா. புள்ளைய நாங்க பாத்துக்கறோம்" என்றாள் மாமியார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

சில்லென்ற தண்ணீரில் முட்டி போட்டிருக்கும்போது பால் சுரந்து ரவிக்கைக்குள் வழியும். மார் கல்லாகிவிடும். பக்கத்தில் துழாவிக்கொண்டிருக்கிற வேலம்மா, "கரைல போய்ப் பீச்சிட்டு வாம்மே, கெட்டிப்பட்டுச்சினா பேஜாராய்டும்" என்பாள். கரை எங்கே, இவள் எங்கே? அங்கேயே ரவிக்கையைத் தளர்த்தி ஏரியில் பீய்ச்சிவிடுவாள். வெள்ளையாகக் கொஞ்சம் கலங்கி, அது எங்கே போயிற்று என்று தெரியாது. சின்னச் சின்ன மீன்கள் வந்து வயிற்றில் முட்டும். வீட்டில் தன் பிள்ளை புட்டிப்பால் குடித்துக்கொண்டிருக்கிறது, நாம் மீனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று வேலம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டுச் சேற்றுக் கையோடு கண்ணைத் துடைக்க முடியாமல் தவிப்பாள்.

அப்படி ஒருநாள் ஏரியிலிருந்து வந்த வேகத்தில் கையைக் கழுவிக்கொண்டு பாப்பாவைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் குழந்தையின் கன்னத்தில் சிவப்பாக இரண்டு கோடு. ஜெயம்மா பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். "இன்னா கை இது, அரமா? பச்ச புள்ள மேல வெக்கற கையா இது? கீறிக்கினு கெடக்குது பாரு! இந்தா கீதா, நீ வாங்கு புள்ளைய."

கீதா வாங்கிக்கொண்டாள். சுகுணா தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படத்தில் இருந்தவளின் கை நினைவுக்கு வந்தது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அன்றிலிருந்து குளிப்பாட்டுவது கீதா, பவுடர் போடுவது கீதா, தட்டித் தூங்கவைப்பது கீதா. சுகுணா புறங்கையால் தொடப் பழகிக்கொண்டாள். அதையும் ஒரு உபகாரமாக நினைத்து, "நீ இல்லனா நான் இன்னாக்கா பண்ணியிருப்பேன்" என்று கீதாவிடம் சொன்னாள்.

பாப்பா பேச ஆரம்பித்தபோது முதலில் சொன்னது அம்மா. சொன்னது கீதாவைப் பார்த்து. எல்லாரும் சிரித்தார்கள். சுகுணாவும் சிரித்தாள். குழந்தைதானே, தெரியவரும்போது மாற்றிக்கொள்ளும். ஆனால் ஒருத்தரும் மாற்றிச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏரியிலிருந்து வருகிற இன்னொருத்தியைக் கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே, அதற்குக் குழந்தையே ஒன்றைக் கண்டுபிடித்தது: ஏரிம்மா. தெருவே அதை ரசித்தது. "இன்னா ஷோக்கா பேர் வெச்சிருக்குது பாரு!" என்று வரதன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டச் சொன்னான். சுகுணாவுக்கு அது பழகிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பழகவில்லை. அவள் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். காதுகுத்து. யார் குளிப்பாட்டினாலும் யார் ஊட்டினாலும், காது குத்தும் அன்று பிள்ளை உட்காரப்போவது தாய்மாமன் மடியில். ஊர் முழுக்கக் கூடி நிற்கும். எவன் மடியில் உட்காருகிறதோ அவன் தங்கை பெற்ற பிள்ளை என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த ஒரு நாள் வந்துவிட்டால் போதும் என்று இருந்தாள். கேட்கும்போதெல்லாம் ஜெயம்மா தள்ளிப் போட்டாள். வெயில் போகட்டும், மழை விடட்டும், தசரதனுக்கு வேலை நிலைக்கட்டும். பாப்பாவுக்கு மூன்று வயது நடந்தது.

கார்த்திகையில் ஒருநாள் ஜெயம்மாவே வாயைத் திறந்தாள். "சுகுணா, நாளைக்கு ஏரிக்குப் போவாத. உங்கண்ணன் வூட்டுக்குப் போய்ட்டு வா. காதுகுத்துக்கு அவருக்கு எந்த நாளு தோதுனு கேட்டுக்கினு வந்துடு. நாமளா நாளக் குறிச்சிட்டு அப்பாலிக்கா அவருக்குச் சொன்னா மரியாதயா இருக்காது, பாரு."

சுகுணாவுக்குக் காலே தரையில் படவில்லை. பாப்பாவையும் கூட்டிப்போகிறேன் என்றாள். "மூக்கு ஒழுவிக்கினு கீது புள்ளைக்கு. பஸ்ல இன்னாத்துக்கு அதப் போட்டு அலைக்கழிக்கற? நீ போய்ட்டு வா" என்றாள் மாமியார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தசரதன் கிடைத்திருந்த புதுக் கான்ட்ராக்டில் பகல் ஷிப்ட் என்று விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டான். சுகுணா முந்தின நாள் பிடித்ததில் பெரிய இறாலாகப் பொறுக்கி ஒரு பையில் ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டு, பொன்னேரி போய், கும்மிடிப்பூண்டி மாறி, மதியத்துக்குள் சுண்ணாம்புக்குளம் போய்ச் சேர்ந்தாள்.

சிங்காரம் பெட்டியைத் திறந்து காட்டினான். சிவப்புக்கல் வைத்த சின்னக் கம்மல் ஒரு ஜோடி. எப்போதோ வாங்கி வைத்துவிட்டானாம். வளருவாள் என்று அளவு தெரியாமல் பெரிதாக வாங்கிய ஒரு பட்டுப் பாவாடை. அமுக்கினால் கீச்சென்று கத்துகிற ஒரு ரப்பர் வாத்து. "குத்தும்போது அழுவுச்சினா இத அமுக்கிக் காட்டலாம்னு வாங்கனேன். என்னய அடிக்கடி பாத்ததில்ல பாரு, மடியில குந்த பயப்படும்" என்றான். அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். சிங்காரம் இறால் தொக்கு வைத்துச் சோறு போட்டான். கிளம்பும்போது வாத்தைக் கையில் எடுத்துக் கொடுத்து, "முன்னாடியே கொஞ்சம் வெளையாடட்டும், மாமன் குட்த்ததுனு சொல்லு" என்றான். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் சுகுணா அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே இருந்தாள். என்ன சேலை கட்டுவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கினபோது வெயில் சாய்ந்திருந்தது. வேலம்மா கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். சுகுணாவைப் பார்த்ததும் அவள் முகம் ஒருமாதிரி ஆனது.

"இன்னாம்மே, இப்பதான் பஸ்ல எறங்கற? அப்ப நீ கோயிலுக்கு வர்லியா? கூட்டத்துல எங்கியோ இருக்கறனு நெனச்சிக்கினேன்."

"எந்தக் கோயிலு?"

வேலம்மா வெற்றிலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "உம் புள்ளைக்குத்தாம்மே. மொட்ட போட்டு காது குத்துனாங்க, காத்தால. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

"எங்கண்ணன் இல்லாம எப்டி குத்துவாங்க?"

"கீதா தம்பி மடியில உக்கார வெச்சி" என்றாள் வேலம்மா.

சுகுணா வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாசலில் எச்சில் இலைகளை ஒரு நாய் இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே சந்தன வாசனை. கீதா புதுச் சேலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மொட்டைத் தலையில் மஞ்சளாய்ச் சந்தனம் பூசி, சிவந்து வீங்கின காதுகளில் தங்கக் கம்பியோடு பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. அழுது அழுது ஓய்ந்த முகம். பகல் ஷிப்ட் போனவன் பட்டைக்கரை வேட்டியோடு மூலையில் நின்றான். அவன் நெற்றியிலும் சந்தனம் இருந்தது.

முதலில் பேசியது ஜெயம்மாதான். "வந்துட்டியா? பாயசம் உனக்குனு தனியா எடுத்து மூடி வெச்சிருக்கேன், மூஞ்சக் கழுவிட்டு வா" என்றாள். இத்தனையும் செய்துவிட்டு ஒரு மனுஷிக்கு இப்படிப் பேச வாய் வந்தது.

சுகுணா புருஷனைப் பார்த்தாள். "உனுக்குத் தெரியுமா?"

அவன் தரையைப் பார்த்தான். "கத்தாத. புள்ள முழிச்சிக்கும்."

"உனுக்குத் தெரியுமானு கேட்டேன்."

"சொல்லு குட்த்துட்டோம் சுகுணா. அண்ணனுக்கு. மொதல் புள்ள அவங்களுதுனு. அவங்களுக்கு இல்ல, நமக்கு இன்னொண்ணு பொறக்கப் போவுது. இதுல இன்னா கீது?"

"எப்ப குட்த்த?"

ஜெயம்மா சொன்னாள், ஏதோ நல்ல காரியத்தைச் சொல்லுகிறவள் போல. "நீ நாலு மாசமா இருந்தப்பவே பேசிக்கினதுதாம்மா. வெளியாள் கைக்கா போச்சி? ஒரே வூட்லதான கீது!"

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் சுகுணாவுக்கு எல்லாம் புரிந்தது. நாலு மாதம். சுறாப்புட்டு வர ஆரம்பித்தது அப்போதுதான். மகாராணி என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். அவளுக்கு இரண்டு அம்மா கிடைக்கவில்லை. அவர்கள் தங்கள் பிள்ளையை அவள் வயிற்றில் வைத்து வளர்த்துக்கொண்டார்கள். அவள் சந்தோஷத்தில் அழுத இரவில் பக்கத்தில் படுத்திருந்தவன், எல்லாம் தெரிந்துதான் திரும்பிப் படுத்திருக்கிறான். போன மனுஷன் வந்த மனுஷன் எல்லாருக்கும் தெரிந்திருக்கலாம். சுமந்தவளுக்கு மட்டும் சொல்லவில்லை.

கீதா அழ ஆரம்பித்தாள். "உனுக்கும் சம்மதம்னுதான் என்னாண்ட சொன்னாங்க சுகுணா. சத்தியமா."

"எனுக்கு சம்மதம்னா நான் ஊர்ல இல்லாத நாளாப் பாத்து இன்னாத்துக்குக்கா குத்தனீங்க?"

கீதா மடியில் இருந்த குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். சத்தத்தில் பாப்பா விழித்துக்கொண்டு, காது வலியில் சிணுங்கியது. சுகுணா தன்னை அறியாமல் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவசரத்தில் உள்ளங்கைகள் மேலே இருந்தன. பாப்பா அவற்றைப் பார்த்துவிட்டு முகத்தைக் கீதாவின் மாரில் புதைத்துக்கொண்டு, "ஏரிம்மா கை வேணா. குத்தும்" என்றது. அப்படிச் சொல்ல அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நீட்டின கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுகுணா நின்றாள். பையில் இருந்த வாத்து எதிலோ இடித்துக் கீச்சென்றது.

மறுநாள் காலையில் சிங்காரம் வந்தான். அவள் போனில் சொல்லி அழுதிருந்தாள். தட்டு, பாவாடை, கம்மல் எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தான். சண்டைக்காரன் அல்ல அவன். வாசலில் நின்று, "அத்த, காது போனாப் போவுது. எம் மடி அப்டியேதான் கீது. ஒரு நிமிசம் உக்கார வெச்சிட்டு, சீரக் குட்த்துட்டுப் போய்டறேன்" என்றான். ஜெயம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தெருவில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகுணா எடுத்துக் கொடுத்த வாத்தை அவன் அமுக்கிக் காட்ட, பாப்பா அதற்காக அவன் மடியில் போய் உட்கார்ந்தது. சிங்காரத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துபோனது. அந்தச் சந்தோஷத்தில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டான்.

"உங்கம்மா எங்க கண்ணு? மாமனுக்குக் காட்டு!"

பாப்பா யோசிக்கவே இல்லை. கையை நீட்டிக் கீதாவைக் காட்டியது.

சிங்காரம் குழந்தையை மெதுவாக இறக்கிவிட்டான். தங்கையைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக் கேட்கலாம், இல்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு என்றான். சுகுணா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "இன்னானு கேப்ப? புள்ளையே வேற ஆளக் காட்டுது. தூக்கினு வந்தா, அம்மா அம்மானு அவளுக்கு அழுவும். அந்தக் குரல என்னால கேக்க முடியாதுண்ணா. கம்மல் உன்னாண்டயே இருக்கட்டும்" என்றாள். அவன் தட்டோடு திரும்பிப் போனான். பாவாடையை மட்டும் அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் தண்ணீர் வற்றுகிற நேரத்துக்கு வேலம்மா வந்து குரல் கொடுத்தாள். சுகுணா எழுந்து பறியை எடுத்தாள். அதைக் கொண்டுபோய்க் கீதாவின் முன்னால் வைத்தாள்.

"இனிமே நீ போய்ட்டு வாக்கா. புள்ளைக்கு அம்மாதான் சோறு போடணும்."

தசரதன் துள்ளிக்கொண்டு வந்தான். "இன்னா பேசற? அண்ணிக்குத் தண்ணி ஒத்துக்காதுனு தெரியாது?"

"எனுக்கு ஒத்துக்குதானு எவனாவது கேட்டீங்களா?" என்றாள் சுகுணா. அவனிடம் அதற்கு மேல் அவள் பேசவில்லை. பல நாள் பேசவில்லை.

ஆண்கள் சம்பளம் மட்டும் அடுப்புக்குப் போதாததால் கீதா போனாள். வேலம்மா கூட இருந்து காட்டிக்கொடுத்தாள். முதல் வாரம் பறியின் அடி மறைகிற அளவுக்குக்கூட இறால் வரவில்லை. உடம்பில் தடிப்பு ஒன்றும் வரவில்லை. கைதான் கிழிந்தது.

சுகுணா வீட்டில் இருந்தாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள். ராத்திரியில் தேங்காய் எண்ணெயை உள்ளங்கைகளில் ஊறவைத்துத் தேய்த்தாள். தோல் உரிந்து உரிந்து வந்தது. கை மிருதுவாகிவிட்டால் பிள்ளை தானாக வந்துவிடும் என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு. இத்தனை பட்டும் அந்தக் கணக்கை அவள் விடவில்லை.

வேலம்மாவின் மகளுக்குப் பிரசவமாகி இருந்தது. பார்க்கப் போனவள், குழந்தையின் கன்னத்தில் சிவப்பாக இரண்டு கோடு இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். வேலம்மாவின் மகள் தையல் மெஷினில் வேலை செய்கிறவள். அவள் கை பூப்போல இருக்கும். "யாருக்கா கீறனாங்க?" என்று வேலம்மாவிடம் கேட்டாள் சுகுணா.

வேலம்மா சிரித்தாள். "யார் கீறுவாங்க? அதுவேதாம்மே, நகத்தால கீறிக்குது. பொறந்த புள்ளைங்க எல்லாமே அப்டித்தான. உம் புள்ள கீறிக்கலியா?"

சுகுணா எழுந்து வந்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பாப்பாவின் காதில் லேசாகச் சீழ் கட்டியிருந்ததற்கு அவள் எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியால்தான் வைத்தாள். குழந்தை அசையாமல் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வைத்து முடித்ததும் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "ஏரிம்மா, உன் கை இப்ப குத்தல" என்றது. மூன்று வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதை வாரி அணைத்துக்கொள்ளலாம் என்று கை தூக்குவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு பாப்பா எழுந்து ஓடிவிட்டது.

கீதா ஏரியிலிருந்து வந்திருந்தாள். சேலை சேறும் தண்ணீருமாக இருந்தது. பறியில் ஓரளவு இறால் இருந்தது. பாப்பா வந்து காலைக் கட்டிக்கொள்ளவும், கீதா குனிந்து, விரல்களை மடக்கி, புறங்கையால் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாப்பா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பியது. கிழிந்து, தோல் கிளம்பி, நண்டு கடித்த இடம் கருத்திருந்த உள்ளங்கை. அதைத் தூக்கித் தன் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டு, பகலெல்லாம் நடந்த கதையை மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தது. குத்துகிறது என்று அது சொல்லவில்லை.

சுகுணா தன் வழவழப்பான கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள் என்பதைக்கூட அவள் ஒருநாள் பொறுத்துக்கொண்டிருக்கலாம். மூன்று வருஷம் அவளுடைய கையை அவளே வெறுக்கும்படி செய்துவிட்டார்களே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? தொட்டிருக்கலாம். கிழிந்த கையாலேயே, சேறு வாசனையோடேயே, தினமும் தொட்டிருக்கலாம். பிள்ளை அதைத்தான் அம்மாவின் கை என்று தெரிந்துகொண்டிருக்கும்.

ஜெயம்மா முறத்தை எடுத்துவந்து, பறியில் இருந்த இறாலைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்த" என்று கூப்பிட்டாள் சுகுணா. "பாப்பா கன்னத்தக் கீறனது கை இல்ல அத்த. எங் கை ஒண்ணும் பண்ணல."

ஜெயம்மா நிமிரவில்லை. பெரிய இறாலை ஒரு பக்கமும் சின்ன இறாலை ஒரு பக்கமுமாகப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.